தோற்றவருக்கு ஒரு சல்யூட்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம் மாவட்டத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு வாத்தியார் இருப்பார், ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பார். ஒரே ஆள் இரண்டுமாக வாழ்ந்த கதையை இன்று சொல்கிறேன். அவர் பெயர் ஜோஷுவா சேம்பர்லின். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1828இல் பிறந்தவர்.

சின்ன வயதில் அவருக்குத் திக்குவாய். 'ப', 'ட' மாதிரி எழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பாட்டுப்போல இழுத்துப் பேசிப் பேசியே சரிசெய்துகொண்டார். பௌடின் கல்லூரியில் அவர் நடத்தியது என்ன பாடம் தெரியுமா? பேச்சுக்கலை! திக்குகிற பிள்ளையைப் பின்பெஞ்சுக்கு அனுப்பும் ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

1862. அமெரிக்காவில் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் நடக்கிறது. ஐரோப்பா போய்ப் படிக்கக் கல்லூரி விடுப்புக் கொடுத்தது. இவர் போனது வடக்கின் பட்டாளத்துக்கு. அடுத்த வருஷம் ஜூலை 2ஆம் தேதி, கெட்டிஸ்பர்க்கில் ஒரு குன்றின் ஓரத்தை இவருடைய 20ஆவது மெய்ன் படை காத்து நின்றது. தோட்டா தீர்ந்துபோனது. துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான பயோனெட்டோடு சரிவில் இறங்கச் சொன்னார். குன்று கைவிட்டுப் போகவில்லை. 1864இல் பீட்டர்ஸ்பர்க்கில் குண்டு இடுப்பைத் துளைத்தது. பிழைக்கமாட்டார் என்று எண்ணித்தான் வடபடைத் தளபதி கிராண்ட் அவரை பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்தினார். இறந்துவிட்டார் என்று பத்திரிகையிலும் போட்டுவிட்டார்கள். முழுசாக ஆறாத அந்தக் காயத்தோடு ஏறக்குறைய 50 வருஷம் வாழ்ந்தார்.

நான் சொல்ல வந்ததே இனிமேல்தான். 1865 ஏப்ரல் 12, அப்போமாட்டக்ஸ் என்ற ஊர். தோற்ற தென்படை ஆயுதங்களை ஒப்படைக்க வரிசையாக வருகிறது. முன்னால் குதிரையில் தளபதி கார்டன், தலை தொங்கிக் கிடக்கிறது. நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டவர்கள். அடிமை முறையைக் காக்க எழுந்த படை அது. அந்த நோக்கத்தை சேம்பர்லின் ஒருநாளும் ஏற்றவரில்லை. ஆனாலும் பியூகிள் ஊதச் சொன்னார். அவர் வரிசை முழுக்கத் துப்பாக்கியைத் தூக்கித் தோளோடு சேர்த்துப் பிடித்தது. மரியாதை! சத்தம் கேட்டு கார்டன் நிமிர்ந்தார். குதிரையைத் திருப்பி, வாள்முனையைத் தன் பூட்ஸ்வரை தாழ்த்தினார். தன் ஆட்களையும் பதில் மரியாதை செய்யச் சொன்னார். முரசு இல்லை, ஆரவாரம் இல்லை. சேம்பர்லினே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். ஜெயித்தவர்தான் முதலில் மரியாதை செய்தார். முதலில் என்பதைக் கவனியுங்கள் நேயர்களே.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய கதை உண்டு. குளச்சலில் 1741இல் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். அவர்கள் பக்கம் நின்ற டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் கைதியானார். பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானார். உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. புலியூர்க்குறிச்சி வழியாகப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேம்பர்லின் நான்கு முறை மெய்ன் மாநில கவர்னராக இருந்துவிட்டு, 1871இல் பௌடின் கல்லூரிக்கே தலைவராக வந்தார். அறிவியலும் பொறியியலும் கொண்டுவந்தார். கூடவே கட்டாய ராணுவப் பயிற்சி. சீருடைக்குப் பணம் மாணவர் கையிலிருந்து. 1874இல் பிள்ளைகள் பயிற்சிக்கு வரமாட்டோம் என்றார்கள். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பி, பணிந்து வராவிட்டால் கல்லூரியில் இடமில்லை என்று கடிதம் போட்டார். அநேகமாக எல்லாரும் திரும்பினார்கள். ஆனால், விருப்பமுள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று கல்லூரி பயிற்சியைத் தளர்த்தியது. அதுதான் சரி. எதிரிக்குக் காட்டிய பெருந்தன்மையைத் தன் மாணவர்களுக்கும் அவர் காட்டியிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

1883 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1914இல் காலமானார், காரணம் அந்தப் பீட்டர்ஸ்பர்க் காயம். கவர்னர் காலத்தைப் பேச நேரமில்லாமல் போய்விட்டது. நன்றி, வணக்கம்.