கேம்பர் வண்டிப் பயணத்தில் உறவினர் வீடுகளுக்குச் செல்வது எப்படி?

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகே உள்ள டோங்காட்டிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் வாசிக்கிறேன். "டிசம்பர் பள்ளி விடுமுறையில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் என் ஆயாவும் (பாட்டி) படுக்கை வசதியுள்ள வாடகைக் கேம்பர் வண்டியில் ஐந்து வாரம் பயணம் செய்யப் போகிறோம். டர்பனிலிருந்து என்2 சாலையில் கேப் டவுன் வரை போய், என்1, என்3 வழியாகத் திரும்புவோம். போர்ட் எலிசபெத்தில் சித்தப்பா, ஜார்ஜில் கணவரின் நண்பர், கேப் டவுன் ரைலண்ட்ஸில் மாமா, ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேஷியாவில் பெரியம்மா இருக்கிறார்கள். வண்டியிலேயே படுக்கை இருக்கும்போது வீட்டுக்குள் தங்க வேண்டுமா? ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை நாள் இருக்கலாம்?"

ஒரு வீட்டுக்கு இரண்டு இரவு போதும், அந்த இரண்டு இரவும் வண்டியில் உறங்குங்கள், இவை இரண்டையும் புறப்படுவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள் என்பதே என் பதில். இதில் கடினமானது நாள் கணக்கு அன்று. வண்டியில் உறங்குவோம் என்பதைப் பெரியவர்கள் மனம் நோகாமல் சொல்வதுதான் கடினம். "இவ்வளவு பெரிய வீடு இருக்க, என் பேரப்பிள்ளைகள் வாசலில் படுப்பதா?" என்று உங்கள் பெரியம்மா கேட்டால், அது வெறும் உபசாரப் பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள்.

அவர்களுடைய தலைமுறை இந்த நாட்டில் எப்படிப் பயணம் செய்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 1953-ஆம் ஆண்டின் தனித்தனி வசதிகள் சட்டம் 1990 வரை நடைமுறையில் இருந்தது. கடற்கரைகளும் விடுதிகளும் தோல் நிறத்தின்படி பிரிக்கப்பட்டிருந்த அந்தக் காலத்தில், இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்கும் நல்ல கேரவன் பார்க்குகளில் இந்தியர்களான நமக்கு இடமில்லை. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் 1891-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடங்கிய தடைகளால் 1980-களின் நடுப்பகுதி வரை இந்தியர்கள் குடியிருக்க முடியவில்லை. ஆகவே டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் குடும்பம் சோற்றையும் ரொட்டியையும் கட்டிக்கொண்டு, வழியில் அந்த மாகாணத்தில் இருக்கும் ஹாரிஸ்மித்தில் இரவு தங்க நினைக்காமல், உறவினர் வீட்டு வாசலை அடையும் வரை ஓட்டிக்கொண்டே போனது. வழியில் அடைக்கலம் என்றால் அது உறவினர் வீடுதான். அப்படி வாழ்ந்த ஒருவருக்குத் தன் வீட்டுக்கு வந்தவர்கள் வெளியே உறங்குவது, தன் வீட்டை ஒதுக்கியது போலத்தான் தோன்றும். இதைப் புரிந்துகொண்டு பேசினால் உங்கள் குரலே மாறிவிடும்.

அதற்கு என் அனுபவத்தில் ஒரு நல்ல வழி உண்டு. உங்கள் ஆயாவை வீட்டுக்குள் உறங்கச் செய்யுங்கள். கேம்பர் வண்டியின் ஏணிப்படியும் குறுகிய கழிப்பறையும் வயதானவர்களுக்கு உண்மையிலேயே சிரமம்; அவருக்கு நல்ல கட்டிலும் வெந்நீர்க் குளியலும் கிடைக்கும், அவரை வைத்துப் பார்த்துக்கொண்ட நிறைவு வீட்டாருக்கும் கிடைக்கும். சாப்பாடு மூன்று வேளையும் வீட்டு மேசையில் இருக்கட்டும். பிள்ளைகள் வண்டியிலுள்ள தங்கள் வழக்கமான படுக்கையில் உறங்கட்டும். நாள்தோறும் இடம் மாறும் பயணத்தில் அந்தப் படுக்கை ஒன்றுதான் அவர்களுக்கு மாறாதது.

அடுத்தது மின்சாரம். இதை விருந்தாளிகள் பலர் கவனிப்பதேயில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் முன்கூட்டியே பணம் கட்டி யூனிட் ஏற்றும் மீட்டர்தான் இருக்கிறது. உங்கள் வண்டியின் ஏர்கண்டிஷனர் இரவெல்லாம் ஓடினால், காலையில் அவர்கள் மீட்டரில் எண் இறங்கியிருக்கும், அவர்கள் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். எனவே போய்ச் சேர்ந்த அன்றே மின்சார வவுச்சர் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கேரவன் பார்க்கின் நீல நிறச் செருகி வீட்டுச் சுவரில் பொருந்தாது. அதற்குரிய அடாப்டரையும், சுருளை முழுவதும் பிரித்துப் போடக்கூடிய கனமான நீட்டிப்புக் கம்பியையும் கொண்டு செல்லுங்கள். சுருட்டியபடியே பயன்படுத்தினால் கம்பி சூடேறும். வீட்டுச் செருகியில் 16 ஆம்பியர், அதாவது சுமார் 3,600 வாட்தான் எடுக்க முடியும். எங்கள் முதல் பயணத்தில் ஒரு பெரியப்பா வீட்டில் ஏர்கண்டிஷனரும் மின்கெண்டியும் ஒன்றாக ஓட, எங்களுக்காகச் சமையல் நடந்துகொண்டிருந்த நேரத்தில் சமையலறை மின்சாரம் நின்றுபோனது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இன்றும் அது வருத்தம்தான். வண்டியின் கழிப்பறைக் கேசட்டை, அதாவது கழிவு சேரும் பெட்டியை, உறவினர் வீட்டில் காலி செய்யாமல், முந்தைய கேரவன் பார்க்கிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

வண்டியின் உயரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல கேம்பர் வண்டிகள் மூன்று மீட்டர் உயரம் இருக்கும். கார் நிறுத்தும் கூரையும் வாசலில் தாழ்வாகத் தொங்கும் கம்பியும் அதற்கு இடம் கொடுக்காது. வாசல் சரிவாக இருந்தால் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டைகள் தேவை. இரவில் வண்டி கேட்டுக்கு உள்ளே நிற்க இடமில்லை என்றால் அருகிலுள்ள கேரவன் பார்க்கில் தங்கிவிட்டுப் பகலில் போய் வருவதே நல்லது. அதையும் முன்பே சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பாதையைப் பொறுத்தவரை, டர்பனிலிருந்து போர்ட் எலிசபெத், அதாவது 2021 முதல் கெபேஹா என்று அழைக்கப்படும் நகரம், 900 கிலோமீட்டருக்கு மேல். கோக்ஸ்டாட், ம்தாதா வழியாகச் செல்லும் அந்தச் சாலையில் ஆடு மாடுகள் குறுக்கே வரும் என்பதால் இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். சித்தப்பா இரவு உணவுக்குக் காத்திருக்கிறார் என்ற அவசரத்தில் ஒரே நாளில் போய்விட எண்ணவே வேண்டாம். நடுவில் இரண்டு இரவு தங்கி, முற்பகலில் போய்ச் சேருங்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் குறைந்தது மூன்று நாள் உங்கள் குடும்பம் மட்டும் தனியாக இருக்கட்டும். வழியில் சிட்சிகம்மா காட்டருகே ஒரு நாள் சும்மா இருந்த பிள்ளைகள்தான் ஜார்ஜில் உங்கள் நண்பரின் பிள்ளைகளோடு மகிழ்ச்சியாக விளையாடுவார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்தக் கடற்கரையோரம் முழுவதும் நிரம்பிவிடும் என்பதால் கேரவன் பார்க் இடங்களை இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள்.

லெனேஷியாவைக் கடைசியில் வைத்திருப்பது மிகவும் சரி. டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்காரர்கள் பலர் கடலைத் தேடி டர்பனுக்கு இறங்கிவிடுவார்கள். நீங்கள் தெற்கே போகும் நாட்களில் உங்கள் பெரியம்மாவே டோங்காட்டில் உறவினர் வீட்டில் இருக்கலாம். ஆகவே கேப் டவுனை விட்டுக் கிளம்பும் முன் அவரை அழைத்து, வீடு திரும்பும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேப் டவுனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் 1,400 கிலோமீட்டர். வழியிலுள்ள கோல்ஸ்பெர்க்கில் ஓர் இரவாவது தங்கித்தான் வர வேண்டியிருக்கும். போய்ச் சேரும் நாளையும் நேரத்தையும் அங்கிருந்து மறுபடி ஒருமுறை சொல்லிவிடுங்கள்; பெரியம்மா அந்த நேரத்தைப் பார்த்துத்தான் உலை வைப்பார்.