5 எச்பி என்று ஸ்டிக்கர் ஒட்டினால் 5 எச்பி ஆகிவிடுமா?

வணக்கம் மக்களே. தேக்கு ஊஞ்சலின் இரண்டாவது பாகம் எங்கே என்று கேட்கிறீர்கள், தெரியும். அது அடுத்த வீடியோவில் வரும். இன்றைக்கு இதைப் பேசாமல் எனக்குத் தூக்கம் வராது. தலைப்பைப் பார்த்திருப்பீர்கள்.

ரங்கூனில் திங்கன்ஜூன் பக்கத்தில் நமக்குத் தெரிந்த தம்பி ஒருவர் கார் டச்-அப் பட்டறை போடுகிறார். "அண்ணே, காற்று கம்ப்ரசரும் பெயிண்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன்னும் வாங்கணும், கூட வாங்க" என்றார். சரி என்று டவுனுக்குப் போனோம். ஆடி மாசம், அனவ்ரதா ரோட்டில் காளியம்மன் கோவில் பக்கம் வண்டி நிறுத்த இடமே இல்லை. மழை வேறு. இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நனைந்துகொண்டே ஒரு மெஷின் கடைக்குள் நுழைந்தோம். கடைப் பெயர் சொல்ல மாட்டேன், கமெண்டில் கேட்காதீர்கள்.

அங்கே ஒரு கம்ப்ரசர். நல்ல சிவப்புப் பெயிண்ட், 100 லிட்டர் டேங்க், பெல்ட் போட்டது. டேங்க்மேல் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் ஸ்டிக்கர்: 5 எச்பி, அதாவது 5 குதிரைத்திறன். விலை பர்மா பணத்தில் 19 லட்சம் சாட். தம்பி ஸ்டிக்கரைப் பார்த்ததுமே பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார். நான் குனிந்து மோட்டாரின் பின்பக்கம் பார்த்தேன். அங்கே ஒரு சின்ன அலுமினியத் தகடு இருக்கும். கம்பெனி அடித்து அனுப்பும் தகடு அதுதான். துடைத்துப் பார்த்தால் 2.2 கிலோவாட்.

ஒரு எச்பி என்பது 746 வாட். 2.2 கிலோவாட்டை அதால் வகுத்துப் பாருங்கள், 3 எச்பிகூட முழுசாக வராது. நிஜமான 5 எச்பி மோட்டார் என்றால் தகட்டில் 3.7 கிலோவாட் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்டேன். "எல்லாரும் இதை 5 எச்பி என்றுதான் வாங்குகிறார்கள்" என்றார். எனக்கு வந்த கோபம்! எல்லாரும் வாங்கினால் மோட்டார் பெரிதாகிவிடுமா? அந்த ஸ்டிக்கரை நம்பித்தானே ஒருவன் கன் வாங்குவான், ஜெனரேட்டர் வாங்குவான், வேலைக்கு ரேட் பேசுவான்?

வெளியே வந்து வேறு கடைகள் ஏறி இறங்கினோம். அதே 2.2 கிலோவாட், அதே 100 லிட்டர், 3 எச்பி என்று நேர்மையாக எழுதி ஒரு கடையில் 14 லட்சம். ஐந்து லட்சம் மிச்சம் மக்களே! ஒரு ஸ்டிக்கரின் விலை ஐந்து லட்சம்! அந்தப் பணத்தில் ஹோஸ், ஃபில்டர், மாஸ்க் எல்லாம் வாங்கி, வரும் வழியில் லபே கடையில் உட்கார்ந்து டீயும் குடித்தோம். டாலர் ஆடுகிற ஆட்டத்தில் விலை வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கடையில் சண்டை போடாதீர்கள். தகட்டைப் பாருங்கள், அது போதும்.

என் வீடியோ பார்ப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது தெரியும்: முதலில் காற்று, அப்புறம் கன். ஆனால் எல்லாரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். கன் பளபளப்பாகக் கையில் பிடிக்கிற பொருள், ஆசை வருகிறது. கம்ப்ரசர் மூலையில் கிடக்கிற பொருள், மிச்சக் காசுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள்.

கணக்கு சொல்கிறேன், பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் தலையின் சிலிண்டர் விட்டம் 65 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 46 மில்லிமீட்டர், இரண்டு சிலிண்டர், நிமிஷத்துக்கு 1,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டர் ஒரு சுற்றுக்குச் சுமார் 153 சிசி காற்றை இழுக்கும். இரண்டும் சேர்ந்து 1,000 சுற்றுக்கு, நிமிஷத்துக்கு 305 லிட்டர். பெட்டியில் அச்சடிப்பது இந்த 305தான். ஆனால் இது உள்ளே இழுக்கும் காற்று. வெளியே உங்களுக்குக் கிடைப்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு, நல்ல மெஷின் என்றால் 70 சதவீதம். ஆக 200, 210 லிட்டர் என்று வையுங்கள்.

இப்போது கன்னுக்கு வருவோம். ஜெர்மனியின் சாட்டா கம்பெனியின் சாட்டாஜெட் 5000 கன் இருக்கிறதல்லவா, அதில் எச்விஎல்பி மாடல் (காற்று அதிகம், அழுத்தம் குறைவு என்கிற வகை) கன் அடியில் 2 பார் அழுத்தத்தில் நிமிஷத்துக்கு 430 லிட்டர் காற்று கேட்கும். அதே கன்னின் ஆர்பி மாடல் (அழுத்தம் குறைத்த வகை) 290 லிட்டர். இரண்டில் எதையும் நம்ம 210 லிட்டர் கம்ப்ரசரில் போட்டுக் கதவு முழுக்க ஒரே மூச்சில் அடிக்க முடியாது. தொடங்கும்போது டேங்கில் இருக்கும் காற்றால் பிரமாதமாக வரும். பாதிக் கதவில் அழுத்தம் இறங்கும், பெயிண்ட் பொடியாகாமல் சொட்டுச் சொட்டாக விழும், ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம் வந்துவிடும். அப்புறம் கன் சரியில்லை என்று எனக்கு மெசேஜ் வரும். கன் ரொம்ப நல்ல கன், சாப்பாடுதான் போதவில்லை. 3 எச்பி வைத்திருப்பவர்கள் எல்விஎல்பி வகையைப் பாருங்கள், காற்றும் குறைவு, அழுத்தமும் குறைவு. பொதுவாக 110-லிருந்து 220 லிட்டருக்குள் முடிந்துவிடும். தம்பிக்கும் அப்படி ஒன்றுதான் எடுத்தோம், 1.3 நாசில், அதாவது பெயிண்ட் வெளியே வரும் ஓட்டை 1.3 மில்லிமீட்டர்.

நாசில் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிளியர், கலர் கோட்டுக்கு 1.3, 1.4. பிரைமருக்கும் சாண்டிங் சீலருக்கும் 1.7, 1.8. ஒரே நாசிலை வைத்துக்கொண்டு தின்னரை ஊற்றி ஊற்றி ஓட்டுபவர்களை எனக்குப் பிடிக்காது. சீலர் தண்ணீராகப் போனால் தேக்கின் துளையை எப்படி அடைக்கும்?

எச்விஎல்பி என்று பெட்டியில் போட்டிருந்தாலே நம்பாதீர்கள். அந்தப் பெயருக்கு ஒரு வரையறை உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் காற்று மாசு விதிகளிலிருந்து வந்தது: ஏர் கேப்பில், அதாவது காற்று வெளியே வரும் கன் முனை மூடியில், காற்றழுத்தம் 10 பிஎஸ்ஐயை, சுமார் 0.7 பாரை, தாண்டக் கூடாது. அழுத்தம் குறைவு என்பதால் பெயிண்ட் மோதித் தெறிக்காது. கப்பில் ஊற்றியதில் 65 சதவீதமாவது பொருளில் ஒட்ட வேண்டும் என்பது அதன் கணக்கு. பழைய கன்களில் பாதிக்குமேல் காற்றிலும் நம் மூக்கிலும் போகிறது. இன்றைய பெயிண்ட் விலையில் அது எவ்வளவு பணம்! ஆனால் கேப்பைத் திறந்து பார்த்தால் சாதா கன், கைப்பிடியில் மட்டும் எச்விஎல்பி என்று எழுத்து, இப்படி நிறைய வருகிறது. காற்று எத்தனை லிட்டர், எந்த அழுத்தத்தில் என்று தாள் இல்லாத கன்னை நான் தொடவே மாட்டேன்.

ஓ, ஹோஸ்! ஹோஸைச் சொல்லாமல் எங்கே போகிறேன்? இதுதான் இந்த வாரத்தின் பெரிய சந்தோஷமே.

தம்பி பட்டறையில் எல்லாம் மாட்டியாயிற்று. சுவரில் ரெகுலேட்டர் 4 பார் காட்டுகிறது. கன் அடித்தால் சோர்ந்து போய் வருகிறது. மூத்த மேஸ்திரி (சயா) ஒருவர் பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்து பார்த்தார், கன்னை மாற்று என்றார். இல்லை, பொறுங்கள் என்று சொல்லி, என் கையில் எப்போதும் இருக்குமே அந்தக் குட்டி கேஜ், அதைக் கன்னின் அடியில் மாட்டி டிரிகரை முழுக்க இழுத்தேன். 4 பார் எங்கே? ஒன்றரை! டிரிகரை விட்டால் மறுபடி 4. ஆக, காற்று ஓடும்போதுதான் எங்கோ நெரிகிறது. ஹோஸ் உள்விட்டம் 6 மில்லிமீட்டர், நீளம் 10 மீட்டர். அதோடு ஹோஸை மாட்டும் பித்தளை இணைப்பு, கப்ளர், அதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஓட்டை ஒரு பென்சில்கூட நுழையாது. 10 மில்லிமீட்டர் ஹோஸும் அகல வாய்க் கப்ளரும் போட்டோம். அதே ரெகுலேட்டர், அதே 4 பார், கன்னில் டிரிகர் இழுத்து வைத்திருக்கும்போதே 3-க்கு மேல் நின்றது. நான் கத்திய சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. கம்ப்ரசரை மாற்றவில்லை, கன்னை மாற்றவில்லை, ஹோஸும் பித்தளைத் துண்டும்தான்! இனிமேல் ரெகுலேட்டரை ஏற்றி இறக்கித் தேவையான அழுத்தத்தைக் கன் அடியிலேயே வைத்துக்கொள்ளலாம். டிரிகரை இழுத்துக்கொண்டே கேஜைப் படியுங்கள். இழுக்காமல் படிக்கும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

அடுத்தது தண்ணீர். ரங்கூன் மழைக்காலத்தில் கம்ப்ரசர் என்பது பாதி காற்று மெஷின், பாதி தண்ணீர் மெஷின். 30 டிகிரியில் நல்ல ஈரமான காற்றை நிமிஷத்துக்கு 300 லிட்டர் இழுத்து 8 பாருக்கு அழுத்தினால், ஒரு மணி நேரத்தில் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிரியும். டேங்க் அடியில் இருக்கும் வால்வைத் தினமும் திறந்து விடுங்கள். ஃபில்டரைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டுகிறார்களே, அதில் பயன் குறைவு. அங்கே காற்று சூடாக இருக்கும், ஈரம் ஆவியாகவே ஃபில்டரைக் கடந்து போய்விடும். சுவரோடு எட்டு, பத்து மீட்டர் இரும்புக் குழாய் இழுத்து, காற்று ஆறிய பிறகு, கன் பக்கம் ஃபில்டரைப் போடுங்கள். குழாயைக் கொஞ்சம் சாய்வாக, இறங்கும் முனையில் ஒரு வடிகால் வால்வோடு போடுங்கள்.

ஆனால் ஒன்று. மழை நாளில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் வெள்ளை பூத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு ஃபில்டர் மட்டும் போதாது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்து, அறைக் காற்றின் ஈரம் லாக்கர் படலத்தில் இறங்குகிறது. மெதுவாகக் காயும் ரிட்டார்டர் தின்னர் கொஞ்சம் கலக்க வேண்டும், அல்லது மழை விடும்வரை கன்னைத் தொங்கவிட வேண்டும். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

கரண்ட். இதைப் பேசாமல் இந்த ஊரில் எதை வாங்குவது? மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஓடும் கரண்டைப்போல் ஐந்து, ஏழு மடங்கு இழுக்கும். 5 கேவிஏ ஜெனரேட்டர் இருக்கிறதே, 2.2 கிலோவாட் மோட்டாருக்குத் தாராளம் என்று நினைத்தால், ஸ்டார்ட் ஆகும்போது ஜெனரேட்டர் முனகி அணைந்துவிடலாம். கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். கம்ப்ரசர் நிறைந்து நிற்கும்போது பிரஷர் சுவிட்ச் பக்கம் "ஸ்ஸ்" என்று ஒரு சின்னச் சத்தம் வர வேண்டும். தலையில் தங்கிய காற்றை அது வெளியே விடுகிறது. அந்தச் சத்தம் வராத மெஷின் அடுத்த தடவை பாரத்தோடு ஸ்டார்ட் ஆகும், ஜெனரேட்டர் தாங்காது. நான் அன்றைக்குக் கடையில் காதை வைத்துக் கேட்டதைப் பார்த்துத் தம்பி சிரித்தார். சிரிக்கட்டும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு வீடாகப் போய்க் கதவு, ஜன்னல் அடிப்பவர்கள் தானே காற்றை ஊதித் தரும் டர்பைன் மெஷினை யோசிக்கலாம். கம்ப்ரசர் வேண்டாம், எண்ணெய் கிடையாது, தண்ணீர்த் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. காற்று வெதுவெதுப்பாக வரும். நம்ம வெயிலில் லாக்கர் காற்றிலேயே காய்ந்து தூளாக விழும், அதனால் தின்னரை அளந்து போட வேண்டும். சத்தம் எனக்கு ஆகாது, அதனால் என் பட்டறையில் இல்லை.

சுவர் அடிக்கும் காண்ட்ராக்டர்களுக்கு ஏர்லெஸ், காற்று இல்லாமல் பெயிண்டையே அழுத்தி அடிக்கும் மெஷின். டிப்பில் 517 என்று எண் இருக்கும். முதல் இலக்கத்தை இரட்டிப்பாக்குங்கள்: ஒரு அடி தூரத்தில் 10 அங்குல விசிறி. மீதி 17, ஓட்டை அங்குலத்தின் ஆயிரத்தில் 17 பங்கு. எமல்ஷனுக்கு அது, மெல்லிய வார்னிஷுக்கு 310 மாதிரி. ஆனால் ஏர்லெஸ்ஸில் அழுத்தம் 200 பார் வரை போகும். டிப் அடைத்தால் விரலால் துடைக்கவே துடைக்காதீர்கள். பெயிண்ட் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான், வலிகூட முதலில் இருக்காது. வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி, உயர் அழுத்தப் பெயிண்ட் உள்ளே போயிருக்கிறது என்று வாய் திறந்து சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரும்.

அதேபோல் டூகே பியூ, அதாவது ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பாலியூரிதேன் பெயிண்ட் அடிப்பவர்கள். ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. வாசனை வந்தால் மாஸ்க் ஃபில்டர் தீர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். இதில் அந்தக் கணக்கு செல்லாது, வாசனை தெரிவதற்கு முன்பே அளவு தாண்டியிருக்கும். ஒருமுறை ஆஸ்துமா பிடித்தால் அந்த வேலையையே விட வேண்டியதுதான். காற்று குழாய் வழியாக வரும் மாஸ்க்தான் சரி. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பியூ அடிக்கும் வீடியோக்களை எனக்கு டேக் செய்யாதீர்கள், பார்த்தால் வயிறு எரிகிறது.

கடைசியாக, கன் நல்லதா என்று பார்ப்பது. ஜப்பான் இவாட்டாவின் டபிள்யூ-71 மாதிரியே அச்சடித்த போலிகள் வருகின்றன. கடையில் தின்னர் ஊற்றி அட்டையில் அடிக்கக் கேளுங்கள், விடமாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள். ஏர் கேப்பைத் திருப்பி விசிறி கிடைமட்டமாக விழும்படி வைத்து, வடியும்வரை ஒரே இடத்தில் அடியுங்கள். கோடுகள் இரண்டு பக்கமும் சமமாக வடிய வேண்டும். ஒரு பக்கம் கூடினால் கேப்பை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அடியுங்கள். கோளாறும் கூடவே திரும்பினால் கேப்பில் தவறு, திரும்பாவிட்டால் நாசிலில். நாசில், ஊசி, கேப் மூன்றும் தனியாகக் கிடைக்கும் கன்னாக வாங்குங்கள். ஸ்பேர் கிடைக்காத கன், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

உங்கள் பட்டறைக் கம்ப்ரசரின் மோட்டார் தகட்டைப் படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம், தகடு. சிலிண்டர் அளவு தெரிந்தால் அதையும் எழுதுங்கள், எந்தக் கன் தாங்கும் என்று கணக்குப் போட்டு ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன். அடுத்த வீடியோ ஊஞ்சல்தான், சீலருக்கு 1.8 நாசில் போட்டு அடிப்பதிலிருந்து தொடங்குகிறேன்.