டெல்லியில் எந்த அறையில் போய் அழுவது?

தலைவர் அவர்களே, காலைத் திருப்பலி முடிந்த கையோடு இங்கே வந்திருக்கிற பங்குத்தந்தை அவர்களே, விசைப்படகு சங்கத் தலைவர் அவர்களே, அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற நாட்டுப்படகு சங்கச் செயலாளர் அவர்களே (இரண்டு பேரையும் ஒரே மேடையில் பார்க்க மனசு நிறைகிறது), வாடகை வாங்காமல் கூடத்தைக் கொடுத்த ஊர்ப் பெரியவர்களே, மீன் ஏலத்தை முடித்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வெளியுறவு விவகாரங்களுக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். அது என்ன, இதுவரை என்ன செய்திருக்கிறது.

அதற்கு முன் ஒரு சம்பவம். பல வருடங்களுக்கு முன் என் சித்தப்பாவின் படகைக் கடலில் பிடித்து இலங்கைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆள் திரும்பி வந்தார், படகு வரவில்லை. சித்தி, படகின் பதிவுச் சான்று, ரேஷன் கார்டு, வட்டிக்கு வாங்கிய சீட்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். முதல் அலுவலகத்தில் சென்னைக்குப் போகச் சொன்னார்கள். சென்னையில், இது டெல்லி விஷயம் என்றார்கள். கடன் வாங்கி டெல்லிக்கே போனோம், நான் துணைக்கு. மார்கழிக் குளிர், சித்தியிடம் ஒரு சால்வைகூட இல்லை, அந்த மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நாலு மணி நேரம் நின்றார். மனுவை வாங்கி முத்திரை குத்தினார்கள், அவ்வளவுதான். திரும்பும் ரயிலில் கேட்டார்: “ஏன்யா, நாம ஓட்டுப் போட்டு அனுப்புன ஆளுக உட்கார்ந்து, இந்தப் பெரிய அதிகாரிகளைக் கேள்வி கேக்குற இடம்னு ஒண்ணு இருக்காதா?”

இருக்கிறது. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். சித்தி அழுதார், ஆனால் தாய் இருந்த அறை வேறு.

அந்த அறைதான் இந்தக் குழு. துறைவாரி நிலைக்குழுக்கள் 1993-இல் வந்தன. ஒரு குழுவில் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. வெளியுறவுச் செயலரையே எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கலாம், அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை, அதாவது செலவுக்கு அது கேட்கிற பணத்தின் கணக்கை, கிளறலாம். கூட்டம் மூடிய கதவுக்குள் நடப்பதால் கட்சிக்காரர்கள் கேமராவுக்காகக் கத்த வேண்டியதில்லை. பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது, சரி, ஆனால் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அரசு பதில் எழுதித் தர வேண்டும்.

அப்புறம், அது என்ன செய்தது? 1974 மே மாதம் வங்கதேசத்தோடு எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த மாதமே இலங்கையோடு கச்சத்தீவு ஒப்பந்தம். ஒரே பிரதமர், இந்திரா காந்தி. முதலாவதற்கான அரசியல் சட்டத் திருத்த மசோதா இந்தக் குழுவுக்கு வந்தது. சசி தரூர் தலைமையில் குழு ஆராய்ந்து, 2014 டிசம்பரில் நிறைவேற்றச் சொல்லி அறிக்கை கொடுத்தது. 2015-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, அந்த ஜூலை 31 நள்ளிரவில், ஒரு நாட்டுக்குள் சிக்கிக்கிடந்த அடுத்த நாட்டின் 162 நிலத்திட்டுகள் கைமாறின, எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாமல் வாழ்ந்த ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு நாடு கிடைத்தது. நாற்பது வருடம் அழுத பிள்ளை!

இரண்டாவது ஒப்பந்தம் இந்த வழியில் வரவே இல்லை. தகராறில் இருந்த இடத்துக்கு எல்லை வரைந்தோம், நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் சட்டத் திருத்தம் தேவையில்லை என்பது அரசின் வாதம். அன்று இப்படி ஒரு குழுவும் இல்லை. அந்தோணியார் திருவிழாவுக்காகக் கச்சத்தீவுக்குப் போகிற யாத்திரிகர்களுக்கு, போய்வரும் உரிமையாவது அந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. 1976-இல் கடிதங்கள் பரிமாறிக்கொண்டு, இலங்கைக் கடலில் நம் படகுகள் மீன் பிடிக்காது என்று எழுதிக்கொடுத்தார்கள். கடலுக்குப் போகிற ஒருவரைக்கூட யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: இந்தக் குழு ஆய்வுப் பயணமாக ராமேஸ்வரத்துக்கு வர வேண்டும். விசைப்படகுகள் கடலடியை வாரி இழுக்கிற இழுவை மடி வலையைப் பற்றியும் நம்மிடம் கேட்கட்டும், ஒளிக்காமல் சொல்வோம். யாழ்ப்பாணத்தில் அதனால் வலை அறுந்து நிற்பவனும் நம்மைப் போல மீனவன்தான். பிடிபட்டுத் திரும்பாத ஒவ்வொரு படகின் கணக்கையும் நாமே எழுதிக் கொடுப்போம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், அதனால் இந்த முறை சரியான அறையில் அழுவோம்.

குழுவின் தலைவருக்கு எழுதிய மனு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. படகு போனவர்கள் பதிவு எண்ணையும், பிடிபட்ட தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்து சித்தி போட்டுவிட்டார்.