கல்லடிக் காற்றில் ஆள் படம்: பயணப் பையில் எந்த லைட்?

[காட்சி: கல்லடிக் கடற்கரை, காலை. மணலில் ஒரு முதுகுப் பை.]

வணக்கம். மட்டக்களப்பில் பஸ் ஏறி, கல்முனை, அக்கரைப்பற்று தாண்டிப் பொத்துவில் வரை மடியில் வைத்தபடியே நான் கொண்டுபோகிற பை இது. மடியில் அடங்காத லைட் பயணத்துக்குச் சரிவராது. என் கணக்கு அவ்வளவுதான்.

நமக்குச் சூரியன் கடலில் எழும்பும், வாவிப் பக்கம் விழும். காலையில் ஆளைக் கடலைப் பார்க்க நிறுத்தினால் கண்ணைச் சுருக்குவார். கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் முகம் கறுத்துப்போகும். மாலையில் வாவிக் கரையிலும் இதே கதைதான்.

எல்ஈடி பனல் வாங்கவா, பிளாஷ் வாங்கவா? படம் மட்டும்தான் என்றால் பிளாஷ். கையடக்கமான பனல் இரவில் கடைத்தெருவுக்கு நல்லது, வீடியோவுக்கும் உதவும். வெயிலுக்கு முன்னால் அது மின்மினிதான். பிளாஷ் அப்படியில்லை. செக்கனில் சில நூற்றில் ஒரு பங்குக்குள் முழு வெளிச்சத்தையும் கொட்டிவிடும். ஷட்டர் வேகத்தை 1/200 செக்கன் அளவு வரை கூட்டி வானத்தை இருட்டாக்கலாம், முகத்தில் விழும் பிளாஷ் குறையாது. அதற்கு மேல் போக ஹைஸ்பீட் சிங்க், அதாவது வேகமான ஷட்டரோடு பிளாஷை ஒத்துப்போக வைக்கும் வசதி வேண்டும், அது பிளாஷின் பலத்தை நன்றாகவே தின்னும். உச்சி வெயிலில் அந்தச் சண்டை எதற்கு? ஆளை விறாந்தை நிழலுக்குக் கூட்டிப்போங்கள்.

[காட்சி: வெள்ளைக் குடையின் பின்னால் பிளாஷ். ஒரு பையன் பிடித்திருக்கிறான்.]

இப்போது பாருங்கள். கமரா செட்டிங் 1/200, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 100. குடை முகத்திலிருந்து ஒன்றரை மீட்டரில். பிளாஷ் கால் பலத்தில். முகம் அளவாக வந்திருக்கிறது. தம்பி, அப்படியே பின்னால் போ, மூன்று மீட்டர். பார்த்தீர்களா, முகம் இருண்டுவிட்டது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். அதே படம் வேண்டுமானால் முழுப் பலம் கொடுக்க வேண்டும். பற்றரி சீக்கிரம் இறங்கும், ஒவ்வொரு படத்துக்கும் காத்திருக்க வேண்டும், நிழலும் கடினமாகும். அதனால் பெரிய லைட்டுக்குக் காசு சேர்க்கும் முன், இருக்கிற லைட்டைக் கிட்டக் கொண்டு வாருங்கள். தம்பி, கிட்ட வா.

ஸ்டாண்டில் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். போன வருடம் கச்சான் காற்றில், இதே இடத்தில் வைத்தேன். குடை பாயாக விரிந்தது, ஸ்டாண்ட் சரிந்தது, பிளாஷின் கால் முறிந்தது. வேறு யாரைக் குறை சொல்ல? அன்றிலிருந்து கடற்கரையில் லைட்டை ஆள்தான் பிடிப்பது. ஆள் கிடைக்காவிட்டால் வெறும் துணிப்பையில் கடல் மணலை அள்ளிக் கட்டி ஸ்டாண்டின் காலில் தொங்கவிடுவேன். பாரத்தை வீட்டிலிருந்து சுமந்து வருவானேன்?

சரி, பையில் மிச்சம் என்ன? ஒரு பிளாஷ், பிளாஷைத் தூரத்திலிருந்து அடிக்க வைக்கக் கமராவில் மாட்டும் ட்ரிகர், நாலு நாலாக மூன்று செட் ரீசார்ஜ் பற்றரி, வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பும் மடக்கு ரிஃப்ளெக்டர். அப்புறம் ஒரு துண்டு ஆரஞ்சு ஜெல், பிளாஷின் முன்னால் ஒட்டும் நிறத்தாள். மாலை மஞ்சள் வெயிலில் பிளாஷின் வெள்ளை வெளிச்சம் முகத்தில் தனியாக ஒட்டி நிற்கும். ஜெல்லைப் போட்டால் முகமும் வானமும் ஒன்றாகச் சேரும். ரிஃப்ளெக்டர் இல்லையா? வெள்ளை வேட்டியை விரித்துப் பிடியுங்கள், காசும் மிச்சம்.

வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவிடம் லைட் கொண்டுவரச் சொல்பவர்களுக்கு ஒன்று. உதிரி லித்தியம் பற்றரியைப் பெட்டியில் போட்டு அனுப்ப விடமாட்டார்கள், கைப்பையில்தான் வர வேண்டும். பற்றரியின் கொள்ளளவு 100 வாட்-மணிக்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்திடம் முன்பே அனுமதி கேட்க வேண்டும்.

[காட்சி: வீட்டு மேசை. பிளாஷின் அடிப்பாகம் கிட்டத்தில்.]

இந்தச் சின்னச் சின்ன ஊசிகளில்தான் உப்புக் காற்று முதலில் கைவைக்கும். பற்றரியைக் கழற்றிவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொன்றாகத் துடையுங்கள். அன்றிரவே.