பக்கவாட்டுப் படமா, முன்பக்கப் படமா?

ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "ஹால் சுவத்துல ஜாகுவார் இ-டைப் கார் படம் மாட்டப் போறேன். பக்கவாட்டுல பார்க்கிற படம் வாங்கவா, முன்பக்கமா?" ரெண்டு நாளா இந்தக் கேள்விதாங்க மனசுல ஓடிட்டிருக்கு, அவ்வளவு சந்தோஷம்.

பக்கவாட்டுதான். வண்டி நீளம் கிட்டத்தட்ட 4.45 மீட்டர், உயரம் 1.22 மீட்டர்தான். சதுர ஃபிரேம் வேணாம், மேலயும் கீழயும் வெறும் இடமா நிக்கும். சோபாவுக்கு மேல நீளவாக்குல மாட்டுங்க. நேர் வெயில் மட்டும் படக் கூடாது, சாயம் வெளுத்துரும்.

முன்பக்கத்துலயும் அழகு இருக்கு, இல்லேங்கல. பானெட் நடுவுல ஒரு மேடு தெரியும் பாருங்க, உள்ள இருக்கிற 3.8 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் உயரமானது, அதுக்கு இடம் விட்டது. ஆனா மூக்குல தொடங்கி வால்ல போய் இறங்குற அந்த ஒரே கோடு பக்கவாட்டுலதான் முழுசா கிடைக்கும்.

அந்தக் கோட்டை யார் போட்டாங்கன்னு நீங்க கேட்டிருக்கணும்! மால்கம் சேயர். பிரிஸ்டல் விமானக் கம்பெனியில வேலை பார்த்துட்டு வந்தவர். கண்ணளவுல வரைஞ்சது இல்லீங்க, மடக்கை (லாகரிதம்) அட்டவணையை வெச்சுக் கணக்குப் போட்டது. போன தடவை ஜாகுவாரோட பந்தயக் கார் டி-டைப் பார்த்தோமே, 1955, 56, 57னு மூணு வருஷம் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயிச்சது, அதுவும் இவர் கணக்குதான். திரும்பவும் சொல்றேன், வரைஞ்ச கோடு இல்ல, கணக்குப் போட்ட கோடு. காத்து வழுக்கிட்டுப் போகணும்னு போட்ட கணக்கு, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996ல இந்த வண்டியையே தன் சேகரிப்புல சேர்க்கிற அளவுக்கு வந்து நின்னுச்சு.

1961 மார்ச்ல ஜெனீவாவுல அறிமுகம். ஓட்டிப் பார்க்க அவ்வளவு கூட்டம், ஒரு வண்டி பத்தல. ஜாகுவாரோட சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ், இங்கிலாந்துல கம்பெனி இருந்த கவென்ட்ரியில இருந்து ராத்திரியோட ராத்திரியா இன்னொரு வண்டியை ஓட்டிட்டே வந்து சேர்ந்தார். உங்க படத்துல நம்பர் பலகையில 77 ஆர்.டபிள்யூ.ன்னு இருந்தா, அந்த வண்டிதான் அது.

வாங்குறதுக்கு முன்னாடி முகப்பு விளக்கைப் பாருங்க. மேல கண்ணாடி மூடி இருந்தா ஆரம்ப கால வண்டி. 1967 வாக்குல அமெரிக்கப் பாதுகாப்பு விதிக்காக அதை எடுத்துட்டாங்க, மூக்குக்கிட்டயே கோடு உடைஞ்சு போச்சு. மூடி இருக்கிற படமாப் பார்த்து வாங்குங்க.