கையேந்தி வாங்கும் ரொட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கர் கூடத்தில், அதாவது எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு போடும் இடத்தில், முதல்முறை உட்கார்ந்தபோது நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தரையில் நீளமாகப் பாய் விரித்திருந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். ரொட்டிக் கூடையோடு வந்த பெரியவர் "பர்ஷாதா" என்றார். ஒரு கையை நீட்டினேன். அவர் போடவில்லை. கோபப்படவும் இல்லை, சும்மா நின்றார். பக்கத்திலிருந்த பையன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்திக் காட்டினான். அப்புறம்தான் ரொட்டி கையில் விழுந்தது. 'பிரசாதம்' என்கிற சொல்தான் பஞ்சாபி நாக்கில் பர்ஷாதா. பிரசாதத்தை ஒற்றைக் கையால் வாங்குவார்களா?

சங்கத், பங்கத் என்று சீக்கியர்கள் ஜோடியாகச் சொல்வார்கள். கூடி உட்கார்ந்து கேட்பது சங்கத். வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது பங்கத், நம் பந்திதான். முதலில் பந்தியில் உட்கார், பிறகு என்னைப் பார்க்க வா என்றாராம் மூன்றாம் குரு அமர்தாஸ். அக்பரும் அப்படி உட்கார்ந்ததாகச் சீக்கிய மரபு சொல்கிறது.

சீக்கியர் கோயிலான குருத்வாராவில் சிலை கிடையாது. விதானத்தின் கீழே, பட்டின் மேல் வீற்றிருப்பது ஒரு நூல்: குரு கிரந்த் சாகிப். சாமரம் வீசுகிறார்கள். 1430 பக்கம், பக்கம் என்று சொல்ல மாட்டார்கள், 'அங்' என்பார்கள், அதாவது அங்கம். ஐந்தாம் குரு அர்ஜன் தொகுத்து 1604-ல் இங்கே வைத்த நூல். தறி நெய்த கபீர், தோல் வேலை செய்த ரவிதாஸ், சூஃபி பரீத் ஆகியோரின் பாடல்களும் இதில் உண்டு. இனி ஆள் குரு இல்லை, இதுவே குரு என்று 1708-ல் பத்தாம் குரு கோவிந்த் சிங் சொல்லிவிட்டார். விடியற்காலையில் நூலைத் திறந்ததும் கண்ணில் படுகிற பாட்டு அன்றைக்கு ஆணை. ஹுக்கம்நாமா என்று பெயர்.

அந்த ஆணை ஒரு வழக்கையே தீர்த்த கதை இருக்கிறது. 1920 அக்டோபர் 12. தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியரானவர்கள் கடா பிரசாதம் எடுத்துக்கொண்டு பொற்கோயிலுக்கு வந்தார்கள். கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறிய அல்வா அது. பூசாரிகள் வாங்க மாட்டோம் என்றார்கள். வாக்குவாதம் முற்றியது. கடைசியில், குருவிடமே கேட்போம் என்று நூலைத் திறந்தார்கள். குணமற்றவரையும் இறைவன் மன்னித்துக் குருவின் தொண்டில் சேர்த்துக்கொள்கிறான் என்று பொருள்படும் பாட்டு வந்தது. பேச்சு முடிந்தது, பிரசாதம் உள்ளே போனது. அடுத்து எல்லோரும் எதிரேயுள்ள, சீக்கியர்களின் தலைமைப் பீடமான அகால் தக்த்துக்குப் போனால், அங்கிருந்த பூசாரிகள் இடத்தை விட்டே போயிருந்தார்கள்!

அடுத்த மாதமே, குருத்வாராக்களை நிர்வகிக்க சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி பிறந்தது. அதுவரை குருத்வாராக்களைக் கையில் வைத்திருந்த மகந்துகள் சும்மா விடவில்லை. 1921-ல், குரு நானக் பிறந்த ஊரான நன்கானா சாகிபில், மகந்தின் ஆட்கள் சீக்கியர்களைக் கொன்றார்கள், ரத்தம் ஓடியது. 1925-ல் சட்டம் வந்து, குருத்வாராக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் நிர்வாகத்துக்கு வந்தன.

இரவில் நூலைப் பல்லக்கில் அகால் தக்த்துக்கு எழுந்தருளச் செய்வார்கள். தோள் கொடுக்க அவ்வளவு முண்டியடிப்பு. எனக்கும் நாலடி தூரம் கிடைத்தது. அதற்குள் பின்னாலிருந்தவர் முதுகைத் தட்டிவிட்டார்.