தொழிலின்மை குறைவு என்கிறார்கள், பிறகு ஏன் பிள்ளைகள் கொழும்புக்கு வருகிறார்கள்?

[காட்சி: புறக்கோட்டை, காலை நேரம். கடைகள் திறக்கின்றன. நாட்டாமிகள் மூட்டை இறக்குகிறார்கள்.]

வணக்கம். கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடைக்குள் போய், துணி எடுத்துக் காட்டும் தம்பியிடம் "எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். ஹட்டன், பதுளை, பசறை, மஸ்கெலியா என்று பதில் வருவது அடிக்கடி நடக்கும். ஆனால் இலங்கையின் தொழிலின்மை வீதமோ பல ஆண்டுகளாக 5 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. வேலை இல்லாதவர்கள் இவ்வளவு குறைவு என்றால், இந்தப் பிள்ளைகள் ஏன் ஊரை விட்டு வந்து கடைக்கு மேல் மாடியில் பாய் விரித்துப் படுக்கிறார்கள்?

முதலில் அந்த 5 சதவீதம் எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

[திரையில்: கணக்கெடுப்பு உத்தியோகத்தர் ஒரு வீட்டு வாசலில்.]

குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களம் 1990 முதல் தொழிற்படை அளவீட்டை நடத்தி வருகிறது. ஆண்டொன்றுக்கு 25,000க்கு மேற்பட்ட வீடுகளுக்குப் போகிறார்கள். போன கிழமை ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தீர்களா என்பதுதான் அடிப்படைக் கேள்வி. கொட்டாஞ்சேனையில் ஒரு அக்கா விடியற்காலையில் இடியப்பம் அவித்துப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுக்கிறார் என்றால் அவர் 'தொழில் புரிபவர்'. அப்பாவின் கடையில் சம்பளம் இல்லாமல் உதவிக்கு நிற்கும் மகனும் அப்படித்தான். தொழிலற்றவர் என்று பதிவாக வேண்டுமென்றால் வேலை இருக்கக் கூடாது, வேலை தேடியும் இருக்க வேண்டும், கிடைத்தால் போகவும் தயாராக இருக்க வேண்டும். தேடிக் களைத்து வீட்டோடு இருந்துவிட்ட பெண் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார். நம் நாட்டில் வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் தொழிற்படையில் இருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மற்றவர்கள் அந்த 5 சதவீதத்துக்கும் வெளியே.

இது சர்வதேச அளவில் ஒத்துக்கொண்ட வரைவிலக்கணம். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அந்த எண்ணிடம் நாம் கேட்கும் கேள்விதான் பொருந்தவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் பல ஆண்டுகள் வடக்கு இந்த அளவீட்டில் முழுதாக இருக்கவில்லை. எல்லா மாவட்டங்களும் சேர்ந்தது 2011இலிருந்துதான்.

சரி, இப்போது அந்தப் பிள்ளைகள் புறப்பட்டு வரும் மலையகத்துக்குப் போவோம். நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தால், பெண்கள் அதிகம் வேலைக்குப் போவது தோட்டத்தில்தான். அதே தோட்டத்தில்தான் வறுமையும் அதிகம். 2019ஆம் ஆண்டு வீட்டு வருமானச் செலவின அளவீட்டின்படி நகரத்தில் 6 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள். தோட்டத்தில் 33.8 சதவீதம். கூடுதலாக வேலை செய்பவர்களே கூடுதலாக ஏழைகள். ஒரு நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனது 2021இல், 1350 ஆனது 2024இல், இரண்டும் நீண்ட இழுபறிக்குப் பிறகு. அந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், வளர்ந்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதியதும் பஸ் ஏறுவதில் என்ன அதிசயம்?

[காட்சி: கடைக்குள் துணி சுருட்டி அடுக்கும் கைகள். பின்னர் ஒரு சம்பள உறை.]

இங்கே வந்த பிறகு? பல சிறு கடைகளில் சாப்பாடு, தங்குமிடம் உண்டு, சம்பளம் கையில் வரும். ஈ.பி.எஃப். எனப்படும் ஊழியர் சேமலாப நிதி இருக்காது. சட்டப்படி தொழிலாளி 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் இந்த நிதிக்குக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 சதவீதம் கட்ட வேண்டும். மாதச் சம்பளம் 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிதிக்கும் சேர்த்து முதலாளி பங்கு மட்டும் 4,500 ரூபாய். ஆண்டுக்கு 54,000. பத்து ஆண்டு கடையில் நின்ற பையன் வெளியே வரும்போது ஐந்து லட்சத்துக்கு மேல், அதுவும் வட்டி சேர்க்காமல், அவன் கைக்கு வராமலே போயிருக்கும். இலங்கையில் வேலை செய்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இப்படி முறைசாராத் தொழிலில்தான் இருக்கிறார்கள். தொழிலின்மை வீதம் எவ்வளவு குறைந்தாலும் இது அதில் தெரியாது.

இனி, படித்தவர்கள் பக்கம். 1971 ஏப்ரலில் தெற்கில் இளைஞர் கிளர்ச்சி நடந்தது. அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேச தொழில் அமைப்பின் குழு ஒன்று இலங்கை பற்றி அறிக்கை கொடுத்தது. படித்த பிள்ளைகள் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டில் இருக்கும் வேலைக்கும் பொருத்தமில்லை என்றது அது. வேலையாளை நீக்குவதைக் கடினமாக்கும் சட்டம்தான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. பிறகு உலக வங்கிப் பொருளாதார நிபுணர் மார்ட்டின் ராமா இந்த விளக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். நல்ல வேலைக்கும் மற்ற வேலைக்கும் உள்ள இடைவெளி பெரிது, அதனால் நல்ல வேலைக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற விளக்கத்துக்கே அவர் கூடுதல் பலம் கண்டார்.

எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. யாழ்ப்பாணத்தில் "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்" என்று ஒரு பழமொழி சும்மா வரவில்லை. கோறணமேந்து என்றால் அரசாங்கம். பென்ஷன், நிச்சயம், மரியாதை எல்லாம் அங்கே இருக்கும்போது பட்டதாரி காத்திருப்பது சோம்பல் ஆகாது. 2020இல் அரசாங்கம் ஐம்பதாயிரம் பட்டதாரிகளைச் சேர்க்கும் திட்டம் கொண்டுவந்தது. அப்படிச் சேர்க்கும் ஒவ்வொரு தடவையும், காத்திருந்தது சரிதான் என்று அடுத்த வரிசைக்கும் சொன்னதாக ஆகிறது.

[திரையில்: இலங்கை வரைபடம். மேல் மாகாணம் மட்டும் நிறம் மாறுகிறது.]

அப்புறம், இடம். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மேல் மாகாணத்தில் நடக்கிறது. வட மாகாணத்தின் பங்கு 5 சதவீதம் அளவில்தான். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. அடுத்த ஆண்டில் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கான முதல் சுதந்திர வர்த்தக வலயம் கட்டுநாயக்காவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அமைந்தது. துணி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், தைத்து வெளிநாட்டுக்கே போக வேண்டும் என்றால் துறைமுகமும் விமான நிலையமும் கிட்ட இருப்பதுதான் லாபம்.

இதை மாற்ற 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமத்துக்குப் போகும் தொழிற்சாலைக்கு ஏற்றுமதிக் கோட்டா, அதாவது இவ்வளவு ஆடை ஏற்றுமதி செய்யலாம் என்ற பங்கு, சலுகையாகக் கிடைத்தது. கிராமத்துப் பெண்கள் பலர் முதல் தடவையாகச் சம்பளம் வாங்கினார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2005இல் உலக ஆடைக் கோட்டா முறை முடிந்ததும் தூரத்துத் தொழிற்சாலைகள் சில தாக்குப்பிடிக்கவில்லை. சலுகை இழுத்து வந்ததைப் பாதை, மின்சாரம், பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாமல் தங்கவைக்க முடியாது.

யுத்தம் முடிந்த பிறகு கிளிநொச்சிக்கும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. அங்கே கவனிக்க வேண்டியது கட்டடத் திறப்பு விழா இல்லை. வேலை முடிந்து இருட்டில் உள்ளூர்ப் பாதைக்கு பஸ் இருக்கிறதா? பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பெண் திரும்பி வர, பக்கத்தில் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் இருக்கிறதா? மெஷின் ஓட்டிய பெண் மேற்பார்வையாளராக உயர வழி இருக்கிறதா? தொழிலின்மை வீதத்தோடு சேர்த்து மாவட்டம் மாவட்டமாக இவற்றையும் அளந்து வெளியிட்டால், வவுனியாவிலோ ஹட்டனிலோ அடுத்த தொழிற்சாலைக்கு அனுமதி கொடுக்கும்போது எந்த வசதிக்கு முதலில் காசு ஒதுக்க வேண்டும் என்பது அதிகாரிகளுக்கும் தெரியும், அந்த ஊர் மக்களுக்கும் தெரியும்.